யார் அறிவார்? - மறைவேடக் காவலர் கதை ஒன்றில் சாட்சியின் இடம்

முன்னுரை

பொருட்பாலின் அரசியல் பகுதியில் 59ஆம் அதிகாரமாக ஒற்றாடலை அமைத்துள்ளார் திருவள்ளுவர். அன்புடைமையையும் ஒப்புரவையும் போல இவ்வதிகாரம் மேடைகளில் எடுத்தாளப்படுவதில்லை. ஒற்றன் ஒளிந்து வாழ்பவன் ஆதலின், அவனைப் பற்றிய அதிகாரமும் நூலுக்குள் ஒளிந்தே கிடக்கின்றது போலும். முதுகலை வகுப்பில் யாம் இதனை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்தக் கடைசிக் குறளை அப்படியே ஓர் ஆங்காங் படத்தில் பார்த்திருக்கின்றேன்" என்றார். வகுப்பு சிரித்தது. யாமும் சிரித்தோம். அவ்வாரமே அப்படத்தைத் தேடிக் கண்ட பின்னர், சிரித்தமைக்கு வருந்தினோம்.

இம்மலருக்கு இப்பொருளில் எழுத இருப்பதைக் கல்லூரிக்கு அடிக்கடி வருகை தரும் பெரியவர் ஒருவரிடம் சொன்னபொழுது, "கள்ளன் போலீஸ் கதைக்குத் தமிழ்த்துறையில் என்ன வேலை, தம்பி?" என்று கேட்டார். நியாயமான வினாவே. துப்பாக்கிச் சூடும் துரத்தலும் மட்டும் இருந்திருப்பின் யாமும் எழுதத் துணிந்திரோம். தான் யார் என்பதைத் தன் வாயால் சொல்ல இயலாத ஒருவனுக்கு, அதைச் சொல்லக்கூடிய மற்றொருவன் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்னும் வினாவை அப்படம் எழுப்புகின்றது. அவ்வினாவை முன்வைத்து அப்படத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படமும் பெயரும்

படத்தின் ஆங்கிலப் பெயர் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்'. 2002 டிசம்பரில் ஆங்காங்கில் வெளிவந்தது. ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் இணைந்து இயக்கினர். ஆலன் மாக்கும் ஃபெலிக்ஸ் சோங்கும் திரைக்கதை யாத்தனர். 2003இல் நடைபெற்ற 22ஆவது ஆங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிகர் உள்ளிட்ட ஏழு விருதுகளைப் பெற்றது. அதே ஆண்டில் இரண்டு தொடர்ச்சிகளும் வந்தன.

சீனப் பெயர் நம் கவனத்துக்கு உரியது. 'இடைவிடா வழி' என அதனைப் பெயர்க்கலாம். பௌத்த நூல்கள் கூறும் நரகங்களுள் மிகக் கொடியது அவீசி. அங்கே துன்பத்துக்கு இடைவெளி இல்லை. ஆதலின் சீனர் அதனை 'இடையீடற்றது' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். அந்நரகத்தைப் பற்றிய பௌத்தக் கூற்றுடனேயே படம் தொடங்குகின்றது. கள்ளரும் காவலரும் மோதும் கதைக்கு நரகத்தின் பெயரைச் சூட்டியிருப்பது அச்சுறுத்துவதற்காக அன்று. பத்தாண்டு வேடத்திலிருந்து ஒரு நாள்கூட இறங்கி நிற்க இயலாதவரின் கதை என்பதற்காகவே எனலாம்.

ஆங்காங்கின் பின்புலம்

ஆங்காங்கில் 'டிரையாட்' எனப்படும் குற்றக் கூட்டங்களின் வேர், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்சீனத்தில் தோன்றிய இரகசியச் சங்கங்களில் உள்ளது. வானம், மண், மனிதன் என்னும் மூன்றையும் அடையாளமாகக் கொண்டு, சகோதரராக உறுதிமொழி ஏற்று ஒன்றுகூடியவர் அவர். காலப்போக்கில் சூதாட்டம், போதைப்பொருள், மிரட்டிப் பணம் பறித்தல் ஆகியன அப்பெயருக்கு உரிய தொழில்களாயின. ஆங்காங் சட்டத்தின்படி இத்தகைய கூட்டத்தில் உறுப்பினராக இருத்தலே குற்றமாகும். சட்டத்தைக் காக்க அனுப்பப்பெற்ற ஒருவன், ஏனையோர் கண்ணுக்குச் சட்டத்தை மீறியவனாகவே வாழ வேண்டியிருப்பது இதனாலும் புலனாகும்.

காவல் உடையணிந்தவருள் யார் நேர்மையாளர் என்னும் ஐயமும் அந்நகருக்குப் புதியதன்று. 1973இல் பீட்டர் காட்பர் என்னும் உயர் காவல் அதிகாரி, கணக்கில் வாராச் செல்வம் குறித்த விசாரணை நடந்துகொண்டிருக்கும்பொழுதே இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக 1974இல் ஊழல் ஒழிப்புக்கெனத் தனி ஆணையம் நிறுவப்பெற்றது. 1975இல் காட்பர் திரும்பக் கொணரப்பெற்றுத் தண்டிக்கப்பெற்றார். இந்நினைவு உள்ள நகரில், காவல்துறைக்குள் ஒரு கூட்டத்தான் இருக்கின்றான் என்னும் கதை கற்பனையாக மட்டும் ஒலித்திராது.

1997 ஜூலை முதல் நாள் ஆங்காங் பிரிட்டனிடமிருந்து சீனத்தின் கைக்கு மாறியது. ஒரே மனிதனுக்கு இரண்டு அடையாளம் என்னும் இக்கதையை அந்நகரின் நிலையோடு பொருத்திப் படித்தவரும் உளர். ஆயினும் மறைவேடக் காவலர் கதை அங்கு 1997க்கு முன்பே வேரூன்றிய ஒரு வகையாகும். 1981இல் 'மேன் ஆன் தி பிரிங்க்', 1987இல் 'சிட்டி ஆன் ஃபயர்', 1992இல் 'ஹார்ட் பாயில்டு' என அது வளர்ந்து வந்தது. இவற்றுள் கடைசிப் படத்தில் மறைவேடக் காவலனாக நடித்த டோனி லியுங்கே பத்தாண்டு கழித்து இப்படத்திலும் அவ்வேடம் ஏற்றார்.

கதைக்கோப்பு

ஹான் சாம் என்னும் கூட்டத் தலைவன், குற்றப் பதிவு ஏதுமில்லாத இளைஞர் சிலரைத் தேர்ந்து காவலர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகின்றான். அவருள் ஒருவன் லாவ் கின் மிங். அதே பள்ளியில் பயில்பவன் சான் விங் யான். கூர்த்த நோக்கு உடையவன். அவனை ஒழுங்கு மீறியவன் என எல்லோர் முன்னிலையிலும் வெளியேற்றுகின்றனர். உண்மையில் அவன் குற்றக் கூட்டத்துள் மறைவேடக் காவலனாக அனுப்பப்படுகின்றான். (படத்தில் அவனை 'யான்' என்றே அழைக்கின்றனர். தன்னைத் 'தான்' என்று சொல்லிக்கொள்ள இயலாத ஒருவனுக்குத் தமிழில் 'நான்' என்று பொருள்படும் பெயர் வாய்த்தது தற்செயல்தான். ஆயினும் அப்பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்றால் யானையாகிவிடும் ஆதலின், யாம் அவனைச் சான் என்றே குறிப்போம்.)

பத்தாண்டு கழிகின்றது. காவலன் வேடத்திலுள்ள லாவ் பதவியில் உயர்ந்து, புதுமனை வாங்கி, மணம் முடிக்க இருக்கின்றான். கள்ளன் வேடத்திலுள்ள சான், அடிதடியும் வழக்குமாக அலைந்து, உறக்கம் கெட்டு, மனநல மருத்துவரின் அறையில் மட்டும் கண்ணயர்கின்றான். மூன்றாண்டு என்று சொல்லி அனுப்பிய பணி, மேலும் மூன்று, பின்னும் மூன்று என நீண்டுவிட்டதை அவன் தன் மேலதிகாரியிடம் முறையிடும் காட்சி ஒன்றுண்டு. கடன் தவணையைத் தள்ளித் தள்ளிப் போடுவாரைப் போல மேலதிகாரி அதற்கு மறுமொழி கூறுகின்றார்.

இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரு கடையில் சந்திக்கின்றனர். ஒலிபெருக்கிக் கருவி வாங்க லாவ் வருகின்றான். கடையில் அமர்ந்திருக்கும் சான் ஒரு பழைய பாடலை ஒலிக்கவிட்டுக் கருவியின் சிறப்பைக் காட்டுகின்றான். இருவரும் அருகருகே அமர்ந்து கேட்கின்றனர். எம் நோக்கில் படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே. இவ்வமைதி பின்னர் இருவருக்கும் கிட்டுவதில்லை.

போதைப்பொருள் கைமாறும் இரவில் கதை முறுக்கேறுகின்றது. சான் தன் விரலால் தட்டும் மோர்ஸ் குறிகளைக் காவல் கண்காணிப்பாளர் வோங் காதணிக் கருவியில் கேட்டுப் பொருள் கொள்கின்றார். அதே அறையில் நிற்கும் லாவ் தன் தலைவனுக்கு எச்சரிக்கை அனுப்புகின்றான். சரக்கு கடலில் எறியப்படுகின்றது. பிடிக்கச் சென்றவரும் வெறுங்கையர்; விற்கச் சென்றவரும் வெறுங்கையர். தங்கள் கூட்டத்துள் எதிரியின் ஆள் இருப்பதை இரு தலைவரும் அவ்விரவிலேயே உணர்கின்றனர். காவல் நிலையத்தில் மேசையின் இருபுறமும் அவர்கள் அமர்ந்து பேசுமிடத்தில் துப்பாக்கி இல்லை, கூச்சல் இல்லை, உணவுப் பொட்டலங்களே உள்ளன. ஆயினும் அக்காட்சியில் உடல் கூசுகின்றது. இதன்பின் காவல்துறைக்குள் ஊடுருவிய ஆளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு லாவிடமே ஒப்படைக்கப்படுகின்றது. தன்னைத் தானே தேடும் பணி அவனுக்கு.

அறிந்தவர் இருவர், பின் ஒருவர்

சான் காவலன் என்பதை அறிந்தோர் இருவரே. ஒருவர் பயிற்சிப் பள்ளித் தலைவர், மற்றவர் வோங். பள்ளித் தலைவர் இறந்துபோகின்றார். இறுதி ஊர்வலம் தெருவில் செல்ல, சான் ஒரு சந்தில் ஒதுங்கி நின்று, யாரும் காணாதவாறு காவல் வணக்கம் செலுத்துகின்றான். அவ்வூர்வலத்தில் நடக்க உரிமையுள்ளவன் அவன். அவ்வுரிமையைச் சொல்லிக்கொள்ள வழியில்லை. இனி அறிந்தவர் ஒருவரே.

ஒற்றாடல் அதிகாரத்தின் இறுதிக் குறளின் கருத்து இவ்விடத்தில் எண்ணத்தக்கது. ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியுமாறு செய்யலாகாது. செய்தால் மறைபொருளைத் தானே வெளியிட்டதாகும் என்பார் வள்ளுவர். பின்வரிசை மாணவர் கண்டது இதனையே. குறள் அரசனை நோக்கி நின்று பேசுகின்றது. அரசனுக்கு அது சரியான அறிவுரை. திரைப்படமோ ஒற்றன் நிற்குமிடத்தில் நின்று அதே விதியைப் பார்க்கின்றது. சிறப்புச் செய்யக் கூடாது என்பது சரி. அவன் ஒற்றன் என்பதற்கு ஆதாரமே இல்லாத நிலை வந்தால்? ஓர் ஒற்றன் கொணர்ந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தால் தெளிக என்றும் செய்தியைப் பற்றி வள்ளுவர் எச்சரிக்கின்றார். செய்திக்கு மூவர் வேண்டும் என்றால் செய்தி கொணர்பவனுக்கு எத்தனை பேர் வேண்டும்? வோங் ஒருவரே போதும் என நினைத்தார். பகைவர்க்குத் தெரியாதிருக்க அது நல்ல ஏற்பாடு. அவருக்கு இறப்பு வாராது என்னும் எண்ணத்தின் மீது கட்டப்பட்ட ஏற்பாடும் அதுவே.

அவ்வேற்பாடு குலையும் காட்சியை விரித்துரைப்பது தகும். ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல்தளத்தில் வோங்கும் சானும் சந்திக்கின்றனர். லாவ் தந்த துப்பால் கூட்டத்தார் கட்டடத்தைச் சூழ்கின்றனர். சன்னல் துடைப்போர் இறங்கும் தொங்குகூண்டில் சானை வெளிப்புறமாக அனுப்பிவிட்டு, வோங் மின்தூக்கியில் இறங்கி அவர்களை எதிர்கொள்கின்றார். சான் முன்வாயிலுக்கு வந்துசேர்கின்றான். அவன் கண்முன் மேலிருந்து ஓர் உடல் வீழ்ந்து வாடகைக் காரின் மேல் மோதுகின்றது. வோங். அழவும் கூடாது, அருகில் செல்லவும் கூடாது. கூட்டத்தாரின் பார்வையில் வீழ்ந்தவர் பகைவர் அல்லரோ! டோனி லியுங் இங்கே பேசுவது ஒன்றுமில்லை. முகம் மட்டும் ஒரு கணம் வேடத்தை மறந்து, மறுகணம் நினைவுகொள்கின்றது. வீழ்ந்தது மேலதிகாரி மட்டும் அல்லர். சான் காவலன் என்பதை அறிந்திருந்த கடைசி மனிதர்.

அடுத்து நிகழ்வது மேலும் நுட்பமானது. கியுங் என்னும் முரட்டுக் கூட்டாளி குண்டடிபட்டுச் சாகும் தறுவாயில், தான் தவறான முகவரி சொல்லியும் சான் சரியான இடத்துக்கே வந்ததைக் கவனித்ததாகவும், அதனை யாரிடமும் சொல்லவில்லை என்றும் கூறுகின்றான். நண்பன் என்பதால் வாய் மூடினான். ஆக, சானின் உண்மையை உணர்ந்த மற்றொரு சாட்சி குற்றக் கூட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கின்றான். அவனும் உடனே இறந்துபோகின்றான். இப்பாத்திரத்தை நகைச்சுவைக்கென்று வைத்ததாகத் தொடக்கத்தில் யாம் எண்ணினோம். இரண்டாம் முறை கண்டபொழுது எம் கருத்தை மாற்றிக்கொண்டோம்.

ஓரெழுத்தும் ஒரு கோப்பும்

வோங் இறந்தபின் அவர்தம் தொலைபேசியின் வழியே லாவ் சானைத் தொடர்புகொள்கின்றான். ஹான் சாமைக் கைவிட அவன் முடிவு செய்துவிட்டான். இருவர் முயற்சியாலும் ஹான் சாம் சிக்க, வாகன நிறுத்தகத்தில் லாவே அவனைச் சுட்டுக் கொல்கின்றான். சான் முதன்முறையாகக் காவல் நிலையத்துக்குள் காவலனாக நுழைகின்றான். அவனை வரவேற்று, அவனுக்குரிய மறைவுக் கோப்பைக் கணினியில் தேடி மீட்டுத்தரும் பொறுப்பை ஏற்பவனும் லாவ்தான்.

அம்மேசையின் மேல் ஓர் உறை கிடக்கின்றது. ஒற்றனைக் கண்டுபிடிப்பதற்காக ஹான் சாம் தன் ஆட்களிடம் சொந்த விவரங்களை எழுதி வாங்கிய உறை அது. அதன்மேல் சான் தன் கையால் எழுதிய ஓர் எழுத்து உள்ளது. கூட்டத் தலைவனிடம் இருக்க வேண்டிய உறை காவல் அதிகாரியின் மேசைக்கு எவ்வாறு வந்தது? லாவ் திரும்பி வருவதற்குள் சான் வெளியேறிவிடுகின்றான். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு இக்காட்சி நன்கு விளங்கும். எண் மறைக்கப்பட்டிருந்தாலும் கையெழுத்து ஆளைக் காட்டிவிடும்.

காலியான அறையைப் பார்த்து லாவ் புரிந்துகொள்கின்றான். கணினியில் உள்ள சானின் கோப்பை அழித்துவிடுகின்றான். ஒரு மனிதனின் பத்தாண்டுத் தொண்டு ஒரு விசையில் இல்லாமற் போகின்றது. படத்தில் வரும் கொலைகள் பலவற்றினும் இதுவே கொடியது என்பது எம் கருத்து. உடலுக்கு ஊறு இல்லை, குருதி இல்லை. இனி அவன் பதிவேட்டின்படி ஒரு குற்றவாளி, அவ்வளவே.

புறநானூற்றில் ஒரு சாட்சி

இவ்விடத்தில் மாணவர்க்குப் புறநானூற்றின் 47ஆம் பாட்டு நினைவுக்கு வருதல் வேண்டும். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றனாக வந்தவன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். அப்பொழுது கோவூர் கிழார் பாடி அவனைக் காத்தார். ஒற்று என்னும் செய்தியைப் பாட்டின் அடிக்குறிப்பே கூறுகின்றது. பாட்டினுள் ஒற்று என்னும் சொல்லே இல்லை. கோவூர் கிழார் 'இவன் ஒற்றன் அல்லன்' என்று வாதிடவில்லை. பரிசில் பெற்று வாழும் புலவர் வாழ்க்கை எத்தகையது என்பதை எடுத்துரைத்து, அது பிறர்க்குத் தீங்கு எண்ணுவதோ என வினவுகின்றார்.

இளந்தத்தனின் நிலையும் சானின் நிலையும் எதிரெதிரானவை. முன்னவன் ஒற்றன் அல்லன், ஒற்றன் எனப்பட்டான். பின்னவன் ஒற்றனே, அல்லன் எனப்பட்டான். ஆயினும் இருவர் உயிரும் தொங்குவது ஒரே நூலில். இன்னான் இத்தகையன் என்று எழுந்து சொல்ல அறிந்தவன் ஒருவன் உளனா என்பதே அது. உறையூரில் அத்தகையவர் ஒருவர் இருந்தார்; வேந்தனும் அவர் சொல்லை மதித்தான். ஆங்காங்கில் இருந்தவர் வாடகைக் காரின் மேல் வீழ்ந்து கிடந்தார்.

நியூயார்க்கில் நடந்தது

இவையெல்லாம் கதைதானே என்பார்க்கு மெய்யாக நடந்த ஒன்றைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையைச் சேர்ந்த ஜோசப் பிஸ்டோன் 1976இல் 'டோனி பிராஸ்கோ' என்னும் பெயரில், நகைத் திருடனாக வேடமிட்டு, நியூயார்க்கின் போனான்னோ மாஃபியாக் குடும்பத்துள் புகுந்தார். 1981 வரை அதனுள் வாழ்ந்தார். மனைவியும் பெண் மக்களும் அவர் முகத்தை அரிதாகவே கண்டனர். கொலை ஒன்றைச் செய்து முழு உறுப்பினராகும்படி கூட்டம் வற்புறுத்தும் நிலை வந்தபின் அவர் வெளியே அழைக்கப்பெற்றார். அவர்தம் சாட்சியம் நூற்றுக்கு மேற்பட்டோர் தண்டனை பெற வழிவகுத்தது. அவரை நம்பிச் சேர்த்துக்கொண்ட டொமினிக் நாப்போலிட்டானோ அக்கூட்டத்தாராலேயே கொல்லப்பட்டார். பிஸ்டோனின் தலைக்கு ஐந்து இலட்சம் டாலர் விலை வைக்கப்பட்டது. 1988இல் அவர் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். 1997இல் மைக் நியூவெல் அதனைத் திரைப்படமாக்கினார். அப்படத்தின் இறுதியில் பிஸ்டோனுக்கு ஒரு பதக்கமும் 500 டாலர் காசோலையும் வழங்கப்படுகின்றன. சிறிய அறை, சில நிமிடச் சடங்கு.

பிஸ்டோனுக்கும் சானுக்கும் உள்ள வேறுபாடு வீரத்தில் இல்லை. பிஸ்டோனுக்குப் பின்னால் ஒரு துறை இருந்தது. அவரை அறிந்த அதிகாரிகள் பலர் இருந்தனர். அவர் தந்த செய்திகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. ஆதலின் வெளியே வந்த நாளில் அவர் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இருப்பினும், தன்னால் ஏமாற்றப்பட்ட நண்பர்களின் முடிவை அவர் சுமக்க வேண்டியிருந்தது. சானுக்கு அவ்வாறு சுமக்கவும் நாள் கிட்டவில்லை.

நல்லவனாக விரும்பியவன்

மேல்தளத்தில் சானும் லாவும் எதிரெதிர் நிற்கும் காட்சிக்கு வருவோம். சான் பின்புறமாக வந்து லாவின் கைத்துப்பாக்கியைப் பறித்து விலங்கிடுகின்றான். லாவ் ஒரு வாய்ப்புக் கேட்கின்றான். முன்பு தனக்கு வேறு வழி இல்லை என்றும், இப்பொழுது நல்லவனாக இருக்க விரும்புவதாகவும் கூறுகின்றான். அதை நீதிபதியிடம் சொல் என்கின்றான் சான். அது தன்னைச் சாகச் செய்வதாகும் என்கின்றான் லாவ். தான் ஒரு காவலன் என்பதைச் சான் எடுத்துரைக்க, அதனை யார் அறிவார் என்று லாவ் கேட்கின்றான்.

இக்காட்சியைக் குறித்து எம் வகுப்பில் ஒரு பிற்பகல் முழுதும் விவாதம் நடந்தது. லாவின் பக்கம் நின்றோர் தொகை எம்மை வியப்பில் ஆழ்த்தியது. சிறுவயதில் கூட்டத்தில் சேர்ந்தவன். பத்தாண்டு நல்ல காவலனாகவே உழைத்தவன். தன் பழைய தலைவனையும் ஒழித்துவிட்டான். இனி அவனை விடுவதால் யாருக்குக் கேடு என்பது அவர் வாதம். மாணவியர் சிலர் மறுத்தனர். ஒருவர் சொன்ன மறுப்பு எம் நெஞ்சில் நின்றது: "அவன் மன்னிப்புக் கேட்கவில்லை ஐயா, பேரம் பேசுகின்றான்." லாவ் திருந்த விரும்புவது உண்மையே. ஆயின் அவன் திருந்துவதற்கு முதற்படியாகச் செய்தது சானின் கோப்பை அழித்ததுதான். தன் பெயரைத் தூய்மையாக்கப் பிறன் பெயரை அழித்தவன், அவனிடமே வாய்ப்பும் கேட்கின்றான். யாம் அம்மாணவியின் பக்கமே நின்றோம். ஆண்டி லாவின் நடிப்பு எம்மை மறுபக்கம் இழுத்ததையும் மறைப்பதற்கில்லை.

சானை அந்த மேல்தளத்தில் கொல்பவன் லாவ் அல்லன். சான் அவனை மின்தூக்கிக்குள் கொண்டுசெல்ல முயலும்பொழுது, லாவுக்குக் கீழ்ப் பணிபுரியும் காவலன் ஒருவன் சுட்டுவிடுகின்றான். அவனும் ஹான் சாம் அனுப்பிய ஆளே. அவனை லாவ் கொல்கின்றான். காவல்துறைக்குள் இருந்த கூட்டத்தான் இறந்தவனே என்று வழக்கு முடிகின்றது.

முடிவுகள் பல

சீனப் பெருநிலத்தில் திரையிடுவதற்கென வேறொரு முடிவும் படமாக்கப்பட்டது. அதில் லாவ் மின்தூக்கியிலிருந்து வெளிவரும்பொழுதே அவனுக்கு எதிரான சான்று கிடைத்துவிட்டதாகக் கூறிக் கைது செய்கின்றனர். நீதி நிலைநாட்டப்பட்டது, கதை கெட்டது. கேட்ட வினாவுக்கு விடை அத்துணை எளிதில் வந்துவிட்டால், பத்தாண்டு நரகம் என்ற பெயருக்குப் பொருளென்ன?

2006இல் மார்ட்டின் ஸ்கோர்சேசி இக்கதையைப் பாஸ்டன் நகருக்குக் கொண்டுசென்று 'தி டிபார்ட்டட்' என்று எடுத்தார். ஐரிஷ் வழிவந்த குற்றக் கூட்டம், மாசசூசெட்ஸ் மாநிலக் காவல்துறை என்று சூழல் மாறியது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் அதற்குக் கிடைத்தன. வசையும் வேகமும் அங்கே மிகுதி. அதனைப் பெரிதும் பாராட்டுவோர் பலர் உளர். எமக்கு முதன்மையாகத் தோன்றும் மாற்றம் ஒன்றே. மறைவேடக் காவலனை அறிந்த அதிகாரிகள் அங்கும் இருவர். ஒருவர் மேல்தளத்திலிருந்து வீழ்த்தப்பட, மற்றவர் உயிரோடிருக்கின்றார். அவர்தாம் இறுதியில் துரோகியின் வீட்டுக்குள் காத்திருந்து அவனைச் சுட்டுக் கொல்கின்றார். அறிந்தவன் ஒருவன் எஞ்சினான். ஆதலின் பழி தீர்ந்தது. ஆயினும் அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவில்லை. உறையூரில் சொல்லால் முடிந்தது பாஸ்டனில் துப்பாக்கியால் முடிகின்றது.

ஆங்காங் படத்தின் மூல முடிவில் பழிதீர்த்தல் இல்லை. சான் இறந்து சில திங்கள் கழித்து, அவனுக்கு மருத்துவம் செய்த மனநல மருத்துவர் லீயின் வழியாகப் பழைய ஆவணம் வெளிப்படுகின்றது. அவன் காவலனே என்பது உறுதியாகி, காவலனுக்குரிய மரியாதையுடன் கல்லறையில் அவன் படம் வைக்கப்படுகின்றது. அவனுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு என்பது முன்னமே ஒரு காட்சியில் குறிப்பாக உணர்த்தப்பட்டது. முன்னாள் காதலி குழந்தையின் வயதைக் குறைத்துச் சொல்ல, அவன் போனபின் குழந்தை தாயைத் திருத்துகின்றது. அவன் அதனை அறியாமலே போனான்.

கல்லறை முன் காவல் உடையில் நின்று வணக்கம் செலுத்துவோருள் லாவும் ஒருவன். அவனைக் கைது செய்வார் யாரும் இல்லை.  அப்பொழுது படம் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்புகின்றது. இளைஞனான சான் பெட்டியுடன் வாயிலைக் கடந்து வெளியேறுகின்றான். இவனோடு இடம் மாற்றிக்கொள்ள விரும்புவோர் உளரா என்று பயிற்றுநர் அணிவகுப்பை நோக்கிக் கேட்கின்றார். வரிசையில் நிற்கும் இளைஞன் லாவ், தான் விரும்புவதாகக் கூறுகின்றான்.